முதல் சம்பளமும் முதல் வரியும்

கொங்கு நாட்டில் கணியூர் என்ற பெயரில் இரண்டு ஊர்கள் இருக்கின்றன. ஒன்று, கோயமுத்தூரிலிருந்து அவிநாசி போகும் பெருஞ்சாலையில் கருமத்தம்பட்டிக்கு அருகே இருப்பது. சுங்கச் சாவடியில் வண்டியை நிறுத்திக் காசு கொடுத்தவர்களுக்கெல்லாம் அந்த ஊர் பெயர் தெரிந்திருக்கும். மற்றொன்று, மடத்துக்குளத்தை அடுத்து, அமராவதிப் பாசனத்தில் நெல்லும் தென்னையுமாக இருப்பது. நான் சொல்ல வந்தது இந்த இரண்டாவது கணியூரைப் பற்றி. 'கணி' என்றால் பழந்தமிழில் கணக்கிடுகிறவன், நாள் பார்த்துச் சொல்கிறவன் என்று ஒரு பொருள் உண்டு. கணக்கு விவகாரம் ஒன்றைப் பேசுவதற்கு இதைவிடப் பொருத்தமான பெயருள்ள ஊர் கிடைக்காது அல்லவா?

இந்தப் பக்கத்து இளைஞர்களும் பெண்களும் முன்போல் வயலுக்கு மட்டும் போவதில்லை. உடுமலைப் பக்கத்து நூற்பாலைகளுக்குப் போகிறார்கள். வேன் ஏறித் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குப் போகிறார்கள். பதினெட்டு வயதில் கைமடிக்கச் சேர்ந்தவர் இருபது வயதில் ஓவர்லாக் மெஷினில் உட்காருகிறார். சனிக்கிழமை மாலை சம்பளம் கைக்கு வருகிறது. கொஞ்ச நாளில் அந்தச் சம்பளம் பாங்குக் கணக்குக்கு வருகிறது. பான் அட்டை எடுக்கச் சொல்கிறார்கள். சம்பளச் சீட்டில் ஏதேதோ பிடித்தம் தெரிகிறது. அப்போது ஒரு பயம் பிடித்துக்கொள்கிறது. "ஏனுங்க, நாங்களும் வருமான வரி கட்டோணுங்களா?" என்பதுதான் அந்தப் பயம்.

'வேண்டாம்' என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போய்விடலாம். பெரும்பாலோர் விஷயத்தில் அது சரியான பதிலும்கூட. ஆனால் அந்த 'வேண்டாம்' என்ற வார்த்தை நம் நாட்டுத் தொழிலாளிக்குச் சுலபமாகக் கிடைத்ததல்ல.

பழைய காலத்தில் வரி ஆளைப் பார்க்கவில்லை, அவன் வருமானத்தையும் பார்க்கவில்லை. அவன் கருவியைப் பார்த்தது. சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் 'தறியிறை' என்று ஒரு வரி வருகிறது. தறி போட்டால் வரி. அந்தத் தறியில் வருஷம் முழுவதும் துணி இறங்கியதா, பாவு அறுந்து கிடந்ததா என்பது கேள்வியே அல்ல. பின்னால் கும்பெனியார் ஆண்ட சென்னை ராஜதானியில் 'மொஹதர்பா' என்ற பெயரில் இதே சங்கதி நடந்தது. நெசவாளியின் தறிக்கு வரி, வாணியனின் செக்குக்கு வரி, கடைக்கு வரி, கைத்தொழிலுக்கு வரி. 1852-ம் வருஷத்தில் காஜுலு லட்சுமிநரசு செட்டியார் முதலானோர் தொடங்கிய சென்னை சுதேச சங்கம் பிரிட்டிஷ் பாராளுமன்றத்துக்கு நீண்ட மனு ஒன்று அனுப்பியது. அந்த மனுவின் முறையீடுகளில் மொஹதர்பாவும் ஒன்று. அந்த நாளில் ஓர் இளம் நெசவாளி, 'நான் எப்போது வரி கொடுக்க வேண்டும்?' என்று கேட்டிருந்தால், 'தறியைக் கட்டிய அன்றைக்கே' என்பதுதான் பதிலாக இருந்திருக்கும்.

வருமானத்தைப் பார்த்து வரி போடுவது என்ற யோசனை 1860-ல் கப்பலேறி வந்தது. 1857 கிளர்ச்சியை அடக்கிய செலவு சர்க்காரின் தலைமேல் கடனாக ஏறியிருந்தது. அதைச் சரிக்கட்ட லண்டனிலிருந்து ஜேம்ஸ் வில்ஸன் என்பவரை நிதி மெம்பராக அனுப்பினார்கள். தொப்பி வியாபாரியாகத் தொடங்கி, 'எகனாமிஸ்ட்' பத்திரிகையை ஸ்தாபித்து, பாராளுமன்றத்திலும் உட்கார்ந்த மனிதர். அவர் 1860 பிப்ரவரி 18-ந் தேதி கல்கத்தாவில் பட்ஜெட் வாசித்தார். ஜூலை 24-ந் தேதி வருமான வரிச் சட்டம் அமலுக்கு வந்தது. இன்றைக்கும் வருமான வரி இலாகாவினர் அந்த ஜூலை 24-ஐத்தான் தங்கள் பிறந்த நாளாகக் கொண்டாடுகிறார்கள்.

வில்ஸன் கிழித்த கோடு வருஷத்துக்கு 200 ரூபாய். அதாவது மாதம் பதினாறு ரூபாய் பத்தணா எட்டுத் தம்பிடி. அதற்குக் குறைந்தவனுக்கு வரி இல்லை. 200 முதல் 500 வரை நூற்றுக்கு இரண்டு; 500-க்கு மேல் நூற்றுக்கு நான்கு. அக்காலத்து ரூபாய்க்கு மதிப்பு அதிகம் என்றாலும், 200 என்பது தனவந்தரின் வருமானம் அல்ல. சின்ன குமாஸ்தாவும் சந்தையில் கடை போட்டவனும் மாட்டிக்கொள்ளும் வருமானம். நிலத்து வருமானமும் இந்த வலைக்குள் இருந்தது.

இந்த இடத்தில் சென்னை ராஜதானியின் சரித்திரத்தில் ஒரு வேடிக்கையான, அதே சமயம் மதிக்கத்தக்க சம்பவம் நடந்தது. அப்போது சென்னைக் கவர்னர் ஸர் சார்லஸ் டிரவெலியன். மெக்காலே பிரபுவின் தங்கையை மணந்தவர். கண்டிப்புக்காரர், அயர்லாந்துப் பஞ்சத்தின்போது கல்நெஞ்சர் என்று பெயரெடுத்தவர். அப்படிப்பட்ட மனிதர் சென்னைக்கு வந்து, 'இந்த வரி இந்த மக்களுக்குப் பொருந்தாது. ராணுவச் செலவைக் குறைத்தால் போதும், புது வரியே வேண்டாம்' என்று எழுதினார். சர்க்காருக்குள் ரகசியமாக எழுதியிருந்தால் ஒரு மூலையில் கட்டிப் போட்டிருப்பார்கள். அவரோ தம் ஆட்சேபத்தைப் பத்திரிகைகளுக்கே கொடுத்துவிட்டார்! ஒரு மாகாணத்தின் கவர்னர், மத்திய சர்க்காரின் பட்ஜெட்டைப் பொதுஜனங்களின் முன்னால் கண்டிப்பதென்றால் சும்மா விடுவார்களா? லண்டனிலிருந்து உத்தரவு பறந்தது. 1860 ஜூன் மாதம் டிரவெலியன் பதவியிழந்து கப்பலேறினார். அவருக்குப் பதிலாக இலங்கையிலிருந்து வந்த கவர்னர் ஸர் ஹென்றி வார்டு, வந்த வேகத்தில் ஆகஸ்டு 2-ந் தேதி சென்னையில் இறந்துபோனார். வரியைக் கொண்டுவந்த வில்ஸனும் அதே ஆகஸ்டு 11-ந் தேதி கல்கத்தாவில் வயிற்றுக்கடுப்பு கண்டு இறந்தார். வரிக்கு வயது மூன்று வாரம்கூட நிறையவில்லை.

கதை அதோடு முடியவில்லை. துரத்தப்பட்ட டிரவெலியனையே 1863-ல் கல்கத்தாவுக்கு நிதி மெம்பராக அனுப்பினார்கள்! வில்ஸன் உட்கார்ந்த அதே நாற்காலி. 1865-ல் வருமான வரிச் சட்டத்தின் ஆயுள் முடிந்தபோது, அதை அவர் நீடிக்கவில்லை, சாகவிட்டார். சென்னையில் அவர் அமைத்த 'பீப்பிள்ஸ் பார்க்' நிலத்தில் பின்னால் ரிப்பன் கட்டிடம் எழும்பியது. அந்தப் பக்கம் நடக்கிறவர்களில் டிரவெலியனை நினைப்பவர் யாரும் இருப்பதாகத் தோன்றவில்லை. 

டிரவெலியன் வருவதற்கு முன்பே ஒரு விஷயம் நடந்திருந்தது. 1862-ல், 200 ரூபாய்க் கோட்டை 500-க்கு உயர்த்திவிட்டார்கள். காரணம் கருணை மட்டுமல்ல. ஏழையிடம் நாலு ரூபாய் வசூலிக்க ஆகும் செலவும் தொல்லையும் அந்த நாலு ரூபாய்க்குப் பெறாது என்பதைச் சர்க்கார் தெரிந்துகொண்டது. 1869-ல் வரி மறுபடி வந்தபோதும் இதே பாடம். கீழ்மட்டத்துச் சேவகர்கள், வரி கொடுக்கக் கடமைப்படாதவர்களையும் பயமுறுத்திப் பணம் வாங்குகிறார்கள் என்ற புகார் நாலா பக்கமும் எழுந்தது. கோட்டை 1871-ல் 750-க்கும், 1872-ல் 1,000-க்கும் தூக்கினார்கள். 1873-ல் வரியையே கைவிட்டார்கள். தன் கடமை எங்கே தொடங்குகிறது என்று தெரியாதவனிடம் வசூலிப்பது எவ்வளவு சுலபம் என்பதை அந்தச் சேவகர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள்.

1886-ல் வந்த சட்டம் நிலைத்துவிட்டது. வரம்பு 500 ரூபாய். 2,000-க்குக் குறைந்த வருமானத்துக்கு ரூபாய்க்கு நாலு தம்பிடி, அதற்கு மேல் ஐந்து தம்பிடி. ஐந்நூறு ரூபாய் சம்பாதித்தவன் பத்து ரூபாய் ஆறணா எட்டுத் தம்பிடி எண்ணி வைத்தான். இந்தச் சட்டத்தில்தான் விவசாய வருமானம் வெளியே நிறுத்தப்பட்டது. கணியூர் வீடு ஒன்றில் இன்று தகப்பனாருக்குத் தென்னந்தோப்பும் மகனுக்குத் திருப்பூர் வேலையும் இருந்தால், தகப்பனார் வருமானம் மத்திய சர்க்காரின் வருமான வரிக்கு வெளியே, மகன் வருமானம் உள்ளே. அந்த வேலியை நட்டது 1886. ஒருவருக்கே இரண்டு வருமானமும் இருந்தால், வரியின் விகிதத்தைக் கணக்கிட மட்டும் தோப்பு வருமானத்தையும் சேர்த்துப் பார்ப்பது என்ற ஏற்பாடு 1973-ல் வந்தது. அது தனிக் கதை.

பிறகு கோடு 1903-ல் 1,000-க்கும், 1919-ல் 2,000-க்கும் ஏறியது. ஏறியது ஏறியபடி இருந்ததா என்றால், இல்லை. உலகப் பொருளாதார மந்தம் வந்த 1931-ல் கஜானா வற்றியது. வரம்பு மறுபடி 1,000-க்கு இறங்கியது. சில வருஷம் கழித்துத்தான் பழைய இடத்துக்குப் போயிற்று. கிணற்றில் நீர் குறையும்போது கயிறு நீளுவதைப்போல, சர்க்காருக்குப் பணமுடை வரும்போதெல்லாம் இந்தக் கோடு கீழே இறங்கி வந்திருக்கிறது.

சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட்டை 1947 நவம்பரில் வாசித்தவர் நம் கோயமுத்தூர்க்காரரான ஆர். கே. சண்முகம் செட்டியார். ஆனால் இளைஞர் விஷயத்தில் சுவாரசியமான காரியம் செய்தவர் அவர் அல்ல. 1955-ல் நிதி மந்திரியாக இருந்த ஸி. டி. தேஷ்முக். வரி கணக்கிடும்போது எல்லாருக்கும் முதல் 1,500 ரூபாய்க்கு வரி இல்லை என்று அதுவரை இருந்தது. அதை அவர் கல்யாணமானவருக்கு 2,000 ஆக உயர்த்தி, கல்யாணமாகாதவருக்கு 1,000 ஆகக் குறைத்தார். பிரம்மச்சாரிக்குக் குடும்பப் பொறுப்பு ஏது, அவன் கொஞ்சம் கூடக் கொடுக்கட்டுமே என்பது எண்ணம். 1957-ல் டி. டி. கிருஷ்ணமாச்சாரியார் இன்னும் ஒரு படி போனார். வரியே இல்லாத வரம்பை 4,200-லிருந்து 3,000-க்கு இறக்கினார். குழந்தைக்கு 300 ரூபாய் வீதம் இரண்டு குழந்தை வரை சலுகையும் சேர்த்தார்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதம் 300 ரூபாய், வருஷத்துக்கு 3,600 சம்பாதிக்கும் இரண்டு பேர். ஒருவருக்கு மனைவியும் இரண்டு குழந்தைகளும். அவருக்கு 2,600 கழித்து, மீதி 1,000-த்தின் மேல்தான் வரிக் கணக்கு. இன்னொருவன் கல்யாணமாகாத இளைஞன். அவனுக்கு 1,000 மட்டும் கழித்து, 2,600-ன் மேல் கணக்கு. அந்த இளைஞன் தன் பெற்றோரையும் கல்யாணத்துக்கு நிற்கும் இரண்டு தங்கைகளையும் காப்பாற்றுகிறவனாக இருந்தால்? நம் பக்கத்து வீடுகளில் அப்படி இல்லாத பிரம்மச்சாரியைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். தங்கை கல்யாணம் முடியாமல் தன் கல்யாணத்தைப் பற்றிப் பேச்செடுக்க மாட்டான் அண்ணன்; அவன் தியாகத்துக்குச் சர்க்கார் வைத்த பெயர் 'பொறுப்பில்லாதவன்'. சீமையில் எழுதப்பட்ட பொருளாதார நூல்களில் பிரம்மச்சாரி தனி அறையில் வசிக்கிறான் போலும். 1970-ல், பிரதமர் இந்திரா காந்தியே நிதி இலாகாவையும் வைத்திருந்தபோது, இந்தப் பேதத்தை எடுத்துவிட்டு எல்லாருக்கும் 5,000 என்று ஒரே வரம்பு வைத்தார்கள். இளம் வயதுக்காரனைத் தனியாகப் பிரித்து வரி போட்ட காலம் அதோடு முடிந்தது. இன்று சட்டம் அறுபது வயதைத் தாண்டியவர்களுக்குப் பழைய முறையில் கொஞ்சம் சலுகை காட்டுகிறது. மற்றபடி இருபதும் ஐம்பதும் அதற்கு ஒன்றே.

சரி, இன்றைய கோடு எங்கே இருக்கிறது? ஒரு கோடு அல்ல, இரண்டு கோடுகள் இருக்கின்றன. குழப்பமெல்லாம் அங்கேதான். மதுரையில் பிறந்த நிதி மந்திரி நிர்மலா சீதாராமன் 2025 பிப்ரவரியில் வாசித்த பட்ஜெட்டில், புதிய வரி முறைப்படி முதல் 4 லட்ச ரூபாய்க்கு வரி இல்லை என்று வைத்தார். இது முதல் கோடு. 4 லட்சத்துக்கு மேல் போனால் வரி கணக்கிடப்படும். ஆனால் வருமானம் 12 லட்சத்துக்குள் இருந்தால் அந்த வரி முழுவதும் தள்ளுபடி. இது இரண்டாவது கோடு. சம்பளக்காரருக்கு முதலிலேயே 75,000 ரூபாய் கழிவும் உண்டு. இந்தத் தள்ளுபடி என்ற ஏற்பாடு புதிதல்ல. 2013-ல் சிவகங்கைச் சீமைக்காரரான ப. சிதம்பரம் 2,000 ரூபாய் என்று சின்னதாகத் தொடங்கி வைத்தது, இப்போது இவ்வளவு பெரிதாக வளர்ந்திருக்கிறது.

ஷிப்டுக்கு 500 ரூபாய் வாங்குகிற ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். வாரம் ஆறு ஷிப்ட், 52 வாரமும் லீவு போடாமல் போனாலும் 312 ஷிப்ட், 1,56,000 ரூபாய். தினம் ஒண்ணரை ஷிப்ட் பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொண்டாலும் 2,34,000. தீபாவளி போனஸும் வருமானந்தான். அதைச் சேர்த்தாலும் முதல் கோட்டின் நிழல்கூட அவள்மேல் படாது. அண்ணன், தங்கை, தகப்பனார் மூவரும் ஒரே வீட்டிலிருந்து வேலைக்குப் போனால் மூன்று சம்பளத்தையும் கூட்டிப் பார்ப்பார்களோ என்று சில வீடுகளில் பயப்படுகிறார்கள். கூட்டமாட்டார்கள். அவரவர் சம்பளம் அவரவர் கணக்கு.

மாதம் 45,000 வாங்கும் ஒரு கட்டிங் மாஸ்டர் இருக்கிறார். வருஷத்துக்கு 5,40,000. கழிவு 75,000 போக 4,65,000. முதல் கோட்டைத் தாண்டிவிட்டார். 65,000-த்துக்கு நூற்றுக்கு ஐந்து வீதம் 3,250 ரூபாய் வரி. அது முழுவதும் தள்ளுபடி. ஆகவே அவர் வரி கொடுக்கக் கடமைப்படவில்லை. ஆனால் கணக்குத் தாக்கல் செய்யக் கடமைப்பட்டவர்! 'வரிதான் இல்லையே, கணக்கு எதற்கு?' என்று அவர் இருந்துவிட்டால் சட்டத்தின் கண்ணில் குற்றமாகிறது. தாக்கல் செய்வது முதல் கோட்டைப் பொறுத்தது; பணம் கட்டுவது இரண்டாவது கோட்டைப் பொறுத்தது. இரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான் ஒரு பக்கம் வீண் பயமும் இன்னொரு பக்கம் வீண் தைரியமும் வருகின்றன. இதிலெல்லாம் சேராதது ஒன்று உண்டு. லாட்டரியிலோ அதைப் போன்ற பந்தயத்திலோ பரிசு விழுந்தால், வரம்பு கிரம்பு எதுவும் கிடையாது. முதல் ரூபாயிலிருந்தே நூற்றுக்கு முப்பது போய்விடும்.

இன்னொரு சிக்கல் காலக்கணக்கு. திருப்பூரில் சம்பளம் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை. சர்க்காருக்கோ ஏப்ரல் முதல் மார்ச் வரை. 1867-லிருந்து இந்த நாட்டில் அப்படித்தான். ஒரு மாதம் ஓவர்டைம் குவிந்து கை நிறையப் பணம் வந்தால் அந்த மாதத்துக்கு வரி என்பது இல்லை. பன்னிரண்டு மாதத்தையும் கூட்டித்தான் பார்ப்பார்கள். ஜனவரியில் வேலைக்குச் சேர்ந்த பையனுக்கு மார்ச்சோடு முதல் வருஷம் முடிந்துவிடுகிறது. போதாக்குறைக்குச் சம்பாதித்த வருஷத்துக்கு ஒரு பெயர், கணக்குப் பார்க்கும் வருஷத்துக்கு வேறொரு பெயர் என்று நூறு வருஷமாகக் குழப்பி வந்தார்கள். 1961-ம் வருஷத்துச் சட்டத்துக்குப் பதிலாக, 2026 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வரும்படி 2025-ல் இயற்றிய புதுச் சட்டம் இரண்டையும் எடுத்துவிட்டு 'வரி வருஷம்' என்று ஒரே பெயர் வைத்திருக்கிறது. ரொம்ப நாள் கழித்து வந்த நல்ல புத்தி.

பதினெட்டு நிறையாத பிள்ளைகள் விஷயம் என்ன? பதினாலு வயதுக்கு உட்பட்டவர்களை வேலைக்கு வைப்பதே 2016 திருத்தத்துக்குப் பிறகு அநேகமாக முழுவதும் தடை. பதினாறு பதினேழு வயதில் ஆபத்தில்லாத வேலைக்குப் போகிறவர்கள் உண்டு. 1992-ல் மன்மோகன் சிங் நிதி மந்திரியாக இருந்தபோது கொண்டுவந்த விதி, மைனர் பிள்ளையின் வருமானத்தைத் தாய் தகப்பனாரில் அதிக வருமானமுள்ளவரோடு சேர்க்கச் சொல்கிறது. பணக்காரர்கள் தொட்டில் குழந்தை பேரில் டெபாசிட் போட்டு வரியைத் தட்டிக் கழித்ததால் வந்த விதி இது. ஆனால் அதிலேயே ஒரு விலக்கு இருக்கிறது: பிள்ளை தன் உடலுழைப்பாலோ திறமையாலோ சம்பாதித்தது சேராது. பதினேழு வயதுப் பெண் செக்கிங் மேஜையில் நின்று வாங்கிய கூலி அவளுடையது. தகப்பனார் தலையில் அதைக் கட்ட முடியாது.

ஆக, இளம் தொழிலாளி வருமான வரிக்குக் கடன்பட்டிருப்பது அபூர்வம். ஆனால் அவனுடைய பணம் சர்க்காரிடம் போய்த் தங்கியிருப்பது அவ்வளவு அபூர்வமல்ல. நாலு மெஷினை வீட்டில் போட்டுக்கொண்டு, கம்பெனியிடம் துணி வாங்கித் தைத்துக் கொடுக்கும் இளைஞன், சட்டத்தின் கண்ணில் கூலியாள் அல்ல, ஒப்பந்தக்காரன். ஒரே பில் 30,000 ரூபாயைத் தாண்டினாலும், வருஷத்துக்கு மொத்தம் ஒரு லட்சத்தைத் தாண்டினாலும், பணம் கொடுக்கும் கம்பெனி நூற்றுக்கு ஒரு ரூபாய் பிடித்துச் சர்க்காருக்குக் கட்டிவிட்டுத்தான் மீதியைக் கொடுக்கும். ஒப்பந்தக்காரரிடம் இப்படி முன்கூட்டிப் பிடிப்பது 1972-லிருந்து உள்ள வழக்கம். பான் எண் கொடுக்காவிட்டால் நூற்றுக்கு இருபது. வருஷத்துக்கு 3 லட்சத்துக்குத் தைத்துக் கொடுத்தவனுக்கு 3,000 ரூபாய் போயிருக்கும். அவன் வருமானம் வரம்புக்குள் என்றால் அவ்வளவும் அவன் பணம். அவனாகக் கணக்குத் தாக்கல் செய்து கேட்டால் பாங்குக் கணக்குக்குத் திரும்பி வரும். கேட்காவிட்டால் அங்கேயே கிடக்கும். 'வரி இல்லை' என்று யாரோ சொன்னதைக் கேட்டுக் கணக்கே தாக்கல் செய்யாமல் இருப்பவர்கள் இழப்பது இதைத்தான்.

சம்பளச் சீட்டில் உள்ள மற்றப் பிடித்தங்களில் பிராவிடண்ட் நிதி அவரவர் சேமிப்பு; ஈ.எஸ்.ஐ. வைத்தியத்துக்கு. இரண்டும் வரியல்ல. ஆனால் 'தொழில் வரி' என்று ஒன்று அரை வருஷத்துக்கு ஒரு முறை வருகிறதே, அது உண்மையாகவே வரிதான். டெல்லிக்குப் போவதல்ல, உள்ளூர் நகராட்சிக்கோ ஊராட்சிக்கோ போவது. வருஷத்துக்கு 2,500 ரூபாய்க்கு மேல் இதை வாங்கக் கூடாது என்று அரசியல் சட்டமே 1988 திருத்தத்தில் மூடி போட்டிருக்கிறது. தமிழ்நாட்டில் இதற்கும் படிகள் உண்டு. அரை வருஷ வருமானம் 21,000 வரை வரி இல்லை. பிறகு படிப்படியாக ஏறி, 75,000-க்கு மேல் கடைசிப் படி. மேலே கணக்குப் போட்ட 500 ரூபாய் ஷிப்டுக்கு அரை வருஷத்தில் 78,000 ஆகிறது. 4 லட்சக் கோட்டுக்கு எட்டாத் தூரத்தில் இருக்கும் அந்த வருமானம், திருப்பூர் மாநகராட்சியின் தொழில் வரிப் புத்தகத்தில் ஆக உயர்ந்த படியில் நிற்கிறது. அந்தப் படியில் கட்ட வேண்டிய தொகை, மெஷினில் உட்கார்ந்திருப்பவருக்கும் மாடியில் குளிர்சாதன அறையில் உட்கார்ந்திருக்கும் மானேஜருக்கும் ஒன்றுதான்.